நின்றால் குளிரும்

2018 ஏப்ரல் 16. அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான். 1897-ல் ஆரம்பித்து வருஷா வருஷம் நடக்கிற பழம்பெரும் பந்தயம். அன்றைக்குக் காலையில் வெப்பநிலை 3, 4 டிகிரிதான். கூடவே கொட்டுகிற மழை. அதுவும் போதாதென்று, முகத்தில் அறைகிற எதிர்க்காற்று. பெயர் பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் வழியிலேயே கழன்றுகொண்டார்கள். வழக்கமாக கென்யாக்காரர்களும் எத்தியோப்பியாக்காரர்களும் அள்ளிக்கொண்டு போகிற போட்டி. அந்த வருஷம் ஆண்களில் முதலில் வந்தவர் யூகி கவாவுச்சி என்கிற ஜப்பான்காரர். முழுநேர ஓட்டக்காரர்கூட இல்லை. சைதாமா மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அரசாங்க வேலை. ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஓடுகிறவர். 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் வந்துசேர்ந்தார். ஜெயித்த பிறகு, எனக்கு இதுதான் தோதான வானிலை என்று வேறு சொன்னார்.

பாஸ்டன் புராணம் எதற்கு என்கிறீர்களா? ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிப் பேசத்தான். அதற்கு முன்னால் குளிரைப் பற்றிக் கொஞ்சம்.

ஓடுகிற உடம்பு ஓர் அடுப்பு. தசைகள் செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகவே வெளியேறுகிறது. மிச்சம்தான் உங்களை முன்னால் தள்ளுகிறது. அதனால்தான் நாம் கம்பளிக்குள் சுருண்டுகொள்கிற குளிரில் அவர்களால் மெல்லிய பனியனோடு ஓட முடிகிறது. ஆனால், காற்று ஒரு திருட்டுப் பயல். தோலை ஒட்டி உடம்பு தனக்காகச் சூடாக்கி வைத்திருக்கிற மெல்லிய காற்றுப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். 4 டிகிரியில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி மாதிரி. துணியும் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் அடுப்பு எரியும். களைத்துப்போய் வேகம் குறைந்தால் தணல். நின்றுவிட்டால் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? 2021 மே 22-ம் தேதி, சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினார்கள். உச்சிப் பகுதியில் ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் பிடித்துக்கொண்டன. 21 பேர் இறந்துபோனார்கள். பலர் அரை டிராயரும் மெல்லிய சட்டையுமாகப் போனவர்கள். ஆறு பேரைக் காப்பாற்றியது யார் தெரியுமா? அந்த மலையில் ஆடு மேய்க்கிற ஒருவர். மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்தவர், விறைத்துக் கிடந்தவர்களை உள்ளே கொண்டுபோய், தீ மூட்டிச் சூடேற்றினார். ஓட வந்தவர்களுக்கு அந்த மலை ஒரு மைதானம். அவருக்கு அது வேலை செய்கிற இடம்.

இப்போது நம்ம ஊர் மலைக்கு வருவோம்.

பாஸ்டனில் அந்தக் குளிர் ஓட்டம் நடந்த அதே 2018-ல், ஆகஸ்ட் 24-ம் தேதி 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளியானது. லெனின் பாரதி டைரக்ட் செய்தது. தயாரிப்பு விஜய் சேதுபதி. கேமரா தேனி ஈஸ்வர். இசை இளையராஜா. வந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு வழக்கம்போல 'நல்ல படங்கள்' என்கிற அலமாரியில் தூக்கிவைத்துப் பூட்டிவிட்டார்கள். சமீபத்தில் மறுபடி பார்த்தேன். தமிழில் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி வந்த உருப்படியான படம் இதுதான் என்று தோன்றியது. படத்தில் யாரும் ஓடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

மாரத்தானையே கதையாக வைத்து நம்மிடம் ஒரு படம் உண்டு. 2013-ல் வந்த 'எதிர்நீச்சல்'. குஞ்சிதபாதம் என்கிற பெயரால் அவமானப்படுகிற பையன், ஹரிஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, கடைசியில் சென்னை மாரத்தானில் ஓடி ஜெயிக்கிறான். சுவாரஸ்யமான படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால், அதில் ஓட்டம் என்பது ஒரு பரிகாரம். ஓடி முடித்ததும் கைதட்டல், காதலி, டைட்டில் கார்டு. நாற்பத்திரண்டே கால் கிலோமீட்டர் ஓடுவது உடம்புக்கு என்ன செய்கிறது என்பதில் அந்தப் படத்துக்கு அக்கறை கிடையாது. கடைசிக் கோட்டில்தான் அதற்குக் கண்.

'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் கடைசிக் கோடே இல்லை. மேலே ஏறினால் நாளைக்கும் ஏற வேண்டும். ரங்கசாமிக்கு வேலை, அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோவதும், அங்கிருந்து ஏலக்காய் மூட்டையைச் சுமந்து இறக்குவதும். இருட்டும் மழையுமான ஒரு விடிகாலையில் எழுந்து கிளம்புகிறான். படமும் அவன் பின்னாலேயே கிளம்புகிறது. வழியில் டீக்கடை, வழித்துணை, பேச்சு, கேலி, மூச்சிரைப்பு. படம் வந்த புதிதில் சிலர் சொன்னது: 'முதல் பாதியில் கதையே இல்லை, டாக்குமென்டரி மாதிரி இருக்கிறது. இரண்டாவது பாதியில்தான் கதை சூடு பிடிக்கிறது.'

என் கட்சி நேர் எதிர். முதல் பாதியில்தான் படம் சூடாக இருக்கிறது. நடக்கிற வரைக்கும் அதற்கு உயிர் இருக்கிறது.

அந்தச் சரிவை ஒரு தடவையாவது பார்த்தவர்களுக்கு இது விளங்கும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ்ஸில் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டருக்குச் சுமாராக ஆறரை டிகிரி வெப்பம் இறங்கும் என்பது பொதுக் கணக்கு. கீழே சட்டை ஒட்டுகிற புழுக்கம். மேலே போய் இறங்கினால் பல் கிட்டுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்திலிருந்து மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கொட்டும். மழையை அங்கேயே இறக்கிவிட்டு, நமக்குச் சாரலையும் காற்றையும் மட்டும் அனுப்பிவைக்கும். குரங்கணி, போடி, தேவாரம், கோம்பை என்று அடிவாரம் நெடுக ஒரே சுவர்தான். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போய், சுவரின் முகடு எல்லைக்கோடாகிவிட்டது. தோட்டம் ஒரு மாநிலத்தில், தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள் இன்னொரு மாநிலத்தில். ஏலக்காய் மட்டும் எந்த அரசியலும் பார்க்காமல் போடிக்கு ஏலத்துக்கு வந்து சேர்கிறது.

இந்தச் சுவரில் ஏறி இறங்கிய சரக்குகளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போகும் வரைக்கும் தேயிலைக்கு அந்த ராஜ உபசாரம். அங்கங்கே சிதறிக் கிடந்த ஏலத் தோட்டங்களுக்கு இரண்டே வாகனங்கள்: கழுதை முதுகு, மனுஷன் தலை. போடிக்காரரான எஸ். செந்தில்குமார் 'கழுதைப்பாதை' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். படம் பிடித்துப்போனவர்கள் அதையும் தேடிப் படிக்கலாம்.

படத்தின் நடைக்கு வருகிறேன். ஏறும்போது உடம்பு அதிகம் உழைக்கிறது, அதனால் அதிகச் சூடு. இறங்கும்போது உழைப்பு குறைவு, சூடும் குறைவு. ஆனால் முட்டிக்கும் தொடைக்கும் அடி அதிகம். ஏறும்போது வேர்வையில் நனைந்த சட்டை, இறங்கும்போது காற்றில் ஐஸ் துணியாக முதுகில் ஒட்டும். மலை ஓட்டக்காரர்கள் இதற்கென்றே மடித்துவைத்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். சுமைக்காரருக்கு ஜாக்கெட் ஏது? சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொள்ளலாம். ஆனால், தலையில் மூட்டை இருந்தால் கொங்காணிக்கும் இடமில்லை. அவருக்குக் கிடைக்கிற ஒரே கம்பளி, நிற்காமல் நடப்பதுதான். இந்த உண்மையை டைரக்டர் வசனத்தில் சொல்லவில்லை. சொல்லாமல், நடக்கவிட்டே காட்டுகிறார். பேச்செல்லாம் நடந்துகொண்டே நடக்கிறது. கல்யாணப் பேச்சு, நிலப் பேச்சு, யானை அடித்த கதை, எல்லாமே நடையின் மூச்சு இடைவெளிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு வயசான சுமைக்காரர் வருகிறார். உடம்பு நின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வராத மனிதர். பந்தயத்தை விட்டு வெளியேற மறுக்கிற பழைய சாம்பியன்களை எல்லா விளையாட்டிலும் பார்க்கிறோமே, அதே ரோஷம். வித்தியாசம், இவருக்கு ஓய்வூதியமோ வர்ணனையாளர் வேலையோ காத்திருக்கவில்லை.

நடித்தவர்களில் பலர் அந்தப் பக்கத்து ஜனங்கள். அது சும்மா விளம்பரத்துக்கான தகவல் இல்லை. பாரம் தூக்குகிற கழுத்தை ஒரு மாதப் பயிற்சியில் கொண்டுவர முடியாது. ரங்கசாமியாக வரும் ஆண்டனி அவர்களுக்கு நடுவில் தனியாகத் தெரியவில்லை என்பதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

ஒரு புகார் இருக்கிறது. கேமரா. தேனி ஈஸ்வர் அசாத்தியமாகப் படம் பிடித்திருக்கிறார். அதுவே சில இடங்களில் பிரச்னை. மேகம் மலையில் தவழ்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டர் படம். அதற்குள் நடக்கிறவனுக்கு அது ஈரம், வழுக்கல், பத்தடி முன்னால் பாதை தெரியாத பயம். படம் மேகத்தை வெளியிலிருந்து காட்டுகிற அளவுக்கு உள்ளேயிருந்து காட்டவில்லை. பார்க்கிற நமக்கு 'ஆஹா, ஒரு தடவை போய்விட்டு வரணும்' என்று தோன்றுகிறதே தவிர, குளிரவில்லை. படம் வெளியாவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால்தான், 2018 மார்ச் 11-ம் தேதி, இதே மலைச் சுவரில் குரங்கணி காட்டுத்தீ. மலையேற ஆசையாக வந்த இருபது பேருக்கு மேல் பலியானார்கள். அந்தக் காற்று தீயையும் எப்படி ஏற்றிக்கொண்டு வரும் என்று அன்றைக்குத் தமிழ்நாடே பார்த்தது. அழகை இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு காட்டியிருக்கலாம்.

இளையராஜாவிடம் அந்தச் சந்தேகம் இருக்கிறது. அவருடைய பண்ணைப்புரம் இந்த அடிவாரத்தில்தான். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தபோது ஆர்மோனியப் பெட்டியோடு கூடவே அலைந்தவர் ராஜா. தொழிற்சங்கமும் மலையும் சேர்ந்த ஒரு கதைக்கு அவரைவிடத் தோதான ஆள் கிடையாது. அவர் என்ன செய்திருக்கிறார் என்றால், நிறைய இடங்களில் சும்மா இருந்திருக்கிறார். ஒரு இசையமைப்பாளர் தன் சொந்த மலையைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம்!

படத்தின் உச்சம் ஒரு மூட்டை விழுகிற காட்சி. ரங்கசாமிக்கு ஒரே ஆசை, கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும். சேர்த்துவைத்த காசையெல்லாம் போட்டு, தன் கணக்கில் ஒரு மூட்டை ஏலக்காய் வாங்கி இறக்குகிறான். இதுவரை சுமந்ததெல்லாம் அடுத்தவன் சரக்கு. இது ஒன்றுதான் சொந்தச் சரக்கு. அது சரிவில் விழுந்து, கிழிந்து, ஏலக்காய் மலையெங்கும் கொட்டிப்போகிறது. பி.காம் படித்த புத்தி, இந்த இடத்தில் பேரேட்டைத் திறக்காமல் இருக்காது. வழியில் சரக்கு சேதம். இன்ஷூரன்ஸ் இல்லை. முதல் முழுதும் போயிற்று. வியாபாரி ஒருவனுக்கு இது ஒரு வருஷத்து நஷ்டக் கணக்கில் ஒரு வரி. இவனுக்கு இத்தனை வருஷ நடையும் வரவு எழுதப்படாமலே கழிந்துபோகிறது. பாஸ்டனில் நாற்பதாவது கிலோமீட்டரில் விழுந்தால் ஒரு பதக்கம் போகும். அடுத்த வருஷம் மறுபடி ஓடலாம். இங்கே விழுந்தது காலத்தின் சேமிப்பு. டைரக்டர் அந்த இடத்தில் ஒப்பாரி வைக்கச் சொல்லவில்லை. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது.

பிறகு படம் நிற்கிறது. அதாவது, நடை நிற்கிறது. நிலம் ஒருவழியாகக் கைக்கு வருகிறது. ஈஸ்வரியோடு கல்யாணம், குழந்தை. சங்கத் தகராறு, தோழர் சாக்கோ, முதலாளி, துரோகம், கொலை, ஜெயில். இது ஒவ்வொன்றும் தனிப் படத்துக்கான சமாசாரம். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, விறுவிறுவென்று கடத்திவிடுகிறார்கள். ஒரு மூட்டையை இறக்க அரை மணி நேரம் பொறுமையாகக் கூட நடந்த படம், ஒரு தொழிற்சங்கத்தின் சரிவை ஓட்டமாக ஓடிக் கடக்கிறது. சாக்கோவாக வருபவர் நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் அவர் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்பதை நாம் கூட நடந்து தெரிந்துகொள்ளவில்லை, சொல்லித் தெரிந்துகொள்கிறோம். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பயப்படுகிற தப்பு இதுதான்: முன்பாதியில் வைத்த வேகத்தைப் பின்பாதியில் மாற்றுவது. படம் கொலையில் போய் முடியும்போது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. 'அடடா, இதுவும் அந்த மாதிரிப் படமாகிவிட்டதே' என்றுதான் இருந்தது.

ஆனால், கடைசி ஷாட் எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறது. உரம், விதை என்று கடன் ஏறி, நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விட்டது. அவனிடமிருந்து காற்றாலைக்காரர்களுக்கு. ரங்கசாமி அந்த இடத்துக்கே காவலாளி. கேமரா மேலே மேலே போகப் போக, அவன் ஒரு புள்ளியாகச் சிறுத்து, சுற்றிலும் காற்றாடிகள் தெரிகின்றன.

கவனியுங்கள். படம் முழுக்க நடந்தே பார்த்த மனிதனை, கடைசியில் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டார்கள். மலையில் அவன் முதுகைக் குளிரவைத்த அதே காற்றுதான், இங்கே யாருக்கோ மின்சாரமாக, பணமாக மாறிக்கொண்டிருக்கிறது. காற்றாலை கெட்டது என்று சொல்ல வரவில்லை. தேனி மாவட்டத்துக்கு அந்தக் காற்று ஒரு சொத்துதான். அது யாருடைய சொத்து என்பதை வசனமே இல்லாமல் கேட்கிறது அந்த ஷாட். நின்ற பிறகுதான் அவனுக்குக் குளிர்கிறது. நமக்கும் அப்போதுதான் படத்தில் முதன்முறையாகக் குளிர்கிறது. கேமராவைப் பற்றிச் சொன்ன புகாரில் பாதியை இந்த ஒரு ஷாட்டுக்காகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

மிச்சப் பாதி பெண்களுக்காக அப்படியே நிற்கட்டும். ஈஸ்வரியாக வரும் காயத்ரி கிருஷ்ணா கண்ணாலேயே பேசுகிறார். ஆனால், அவள் பாடு நமக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. புருஷன் ஜெயிலில் இருந்த வருஷங்களை அவள் எப்படி இழுத்துக்கொண்டு போனாள் என்பது மூட்டை சுமப்பதைவிட நீண்ட தூரம். படம் அதை ஒரு தாவில் தாண்டுகிறது.

ஏலத் தோட்டத்தின் உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிப் படர்கிற சரத்தில் காய்க்கிறது. குத்தவைத்து உட்கார்ந்துதான் பறிக்க வேண்டும். ஆடி, ஆவணிச் சாரலில், மேலே இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், கீழே ஈர மண், அட்டை. நடந்தால் சூடு வரும். குத்தவைத்து இடம் பெயருகிறவர்களுக்கு அந்தச் சூடும் கிடையாது. குளிரைப் பற்றிய கணக்குப்படி பார்த்தால், மூட்டை தூக்கி நடந்த ரங்கசாமியைவிட இவர்களுக்குத்தான் குளிர் அதிகம். ஆனாலும் தமிழ் சினிமாவுக்கு, நடக்கிற ஆணின் முதுகுதான் கண்ணில் படுகிறது.

இப்போது தலைச்சுமை பெரும்பாலும் போய், ஜீப் வந்துவிட்டது. விடிகிறதற்கு முன்னால் போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் பெண்கள் தூக்குவாளியும் பழைய முழுக்கைச் சட்டையுமாக ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். ஏற்ற வேண்டியதற்கு இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஜீப்புகள் வளைவுகளில் ஏறும். அதிலிருந்து இறங்கி எட்டு மணி நேரம் குத்தவைக்கிற ஒருத்தியைப் பின்தொடர்ந்து லெனின் பாரதியே இன்னொரு படம் எடுக்கலாம். முதல் அரை மணி நேரம் கதையே வேண்டாம் என்று மட்டும் தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சார்.